எட்டாம் நாள் தோமா எங்கே இருந்தார்?

பாஸ்கா காலம் 2ஆம் ஞாயிறு மறையுரை
(திருத்தூதர் பணிகள் 2:42-47, 1 பேதுரு 1:3-9, யோவான் 20:19-31)



இன்று காலை கோயிலுக்குள் வந்தபோது மேற்கு வாசல் திறந்திருந்ததைச் சிலர் கவனித்திருப்பீர்கள். "சாமி, இந்தக் கதவு திறக்குமா?" என்று மறைக்கல்விக்கு வந்த ஒரு பிள்ளை என்னிடம் கேட்டாள். அவள் பிறந்ததிலிருந்து அதைப் பூட்டியே பார்த்திருக்கிறாள். அந்தக் கதவைப்பற்றிப் பிறகு பேசுகிறேன். முதலில் நற்செய்தியில் வருகிற கதவு.

யோவான் இன்றைய பகுதியில் இரண்டு தடவை கதவைச் சொல்கிறார். வாரத்தின் முதல் நாள் மாலையில் சீடர்கள் அஞ்சிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். எட்டு நாள் கழித்தும் கதவு சாத்தியே இருந்தது. நடுவில் நடந்ததோ சாதாரணக் காரியம் இல்லை. உயிர்த்த ஆண்டவரைக் கண்ணால் பார்த்தார்கள். அமைதி வாழ்த்தைக் காதால் கேட்டார்கள். அவர் ஊதிய ஆவியைப் பெற்றார்கள். அவ்வளவுக்குப் பிறகும் தாழ்ப்பாள் போட்டபடிதான் இருக்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஆறுதல் வருகிறது. போன வாரம் உயிர்ப்பு இரவில் கையில் மெழுகுதிரி ஏந்தி அல்லேலூயா பாடினோம். திங்கட்கிழமை காலையில் அதே தெருவில், அதே ஆளைப் பார்த்து, அதே போல முகத்தைத் திருப்பிக்கொண்டு போனோம். திருத்தூதர்களுக்கே ஒரு வாரத்தில் கதவு திறக்கவில்லை. ஆண்டவர் அதற்காக அவர்களைக் கோபித்துக்கொள்ளவும் இல்லை. மறுபடி வந்தார்.

தோமாவுக்கு வருவோம். சந்தேகப்படுகிறவர் என்று அவருக்கு ஒரு பட்டம் கட்டிவிட்டோம். நம் தமிழ் மண்ணில் மயிலாப்பூரும் பரங்கிமலையும் அவர் பெயரைச் சுமந்து நிற்கின்றன. அப்படியிருந்தும் பிள்ளைகளிடம் அவரைச் சொல்லும்போது நாம் முதலில் சொல்வது அந்தச் சந்தேகத்தைத்தான். எனக்கு அவருடைய சந்தேகத்தைவிட வேறொரு கேள்வி பெரிதாகப் படுகிறது. முதல் நாள் மாலை அவர் எங்கே போயிருந்தார்?

யோவான் அதைச் சொல்லவில்லை. ஆனால் தோமா யார் என்று முன்னரே காட்டியிருக்கிறார். இலாசர் இறந்த செய்தி வந்து இயேசு யூதேயாவுக்குப் புறப்பட்டபோது, போனால் கல்லெறிவார்கள் என்று மற்றவர்கள் தயங்கினார்கள். நாமும் போய் அவரோடு சாவோம் என்றவர் தோமா. அப்படி வாய்விட்டுச் சொன்ன மனிதர், பெரிய வியாழன் இரவில் எல்லாரையும் போல ஓடிவிட்டார். பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு மற்றவர்களிடம் வந்து உட்காருவார்? இது என் ஊகம்தான். ஆனாலும் குருவாக இத்தனை ஆண்டு வீடு சந்தித்த அனுபவத்தில் சொல்கிறேன்: கோயிலுக்கு வருவதை நிறுத்தியவர்களில் கடவுள் இல்லை என்று நின்றவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. "சாமி, ஆண்டவர்மேல எனக்கு ஒண்ணும் இல்லை. அங்க வந்து அந்த ஆளுக மூஞ்சியில முழிக்க முடியாது." இதைத்தான் திண்ணை திண்ணையாகக் கேட்டிருக்கிறேன். வெட்கம், சண்டை, யாரோ எப்போதோ சொன்ன ஒரு சொல். விசுவாசம் அந்த வீடுகளில் அணைந்துவிடவில்லை. தனியாக இருப்பதால் சாம்பல் மூடிக் கிடக்கிறது.

தோமாவிடம் நான் வியக்கிற இடம் அடுத்த ஞாயிறு. அந்த எட்டாம் நாளில் அவர் அவர்களோடு இருந்தார். இன்னும் அவர் நம்பவில்லை. காயத்தில் விரலை இட்டாலன்றி நம்பமாட்டேன் என்று சொன்னது சொன்னபடியே இருக்கிறது. நம்பாமலே வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர்களும் அவரை உட்காரவிட்டிருக்கிறார்கள். 'நாங்கள் பத்துப் பேர் கண்டு சொல்கிறோம், எங்கள் வார்த்தைக்கு மதிப்பில்லையா, முதலில் நம்பிவிட்டு வா' என்று அவரை வெளியே நிறுத்தவில்லை. அந்த ஒரு வாரத்தை நினைத்துப் பாருங்கள். நம்பிய பத்துப் பேரும் நம்பாத ஒருவரும் ஒரே சட்டியில் சாப்பிட்டிருக்கிறார்கள். ஒரே கூரையின் கீழ் படுத்திருக்கிறார்கள். அந்த வாரம் இல்லையென்றால் தோமாவின் வாயிலிருந்து நற்செய்தியிலேயே உயர்ந்த அந்த விசுவாச அறிக்கை வந்திருக்காது. அவர் ஆண்டவர் என்றும் கடவுள் என்றும் இயேசுவை அழைத்தது, விலகிப் போன இடத்தில் இல்லை. திரும்பி வந்து சேர்ந்த வீட்டில்.

மகதலா மரியா தனியாகத்தானே ஆண்டவரைக் கண்டார் என்று நீங்கள் கேட்கலாம். ஆம், கல்லறைத் தோட்டத்தில் தனியாகத்தான் கண்டார். ஆனால் தம்மைப் பற்றிக்கொண்டே நிற்க ஆண்டவர் அவரை விடவில்லை. என் சகோதரர்களிடம் போ என்று உடனே அனுப்பினார். எம்மாவு வழியில் போன இரண்டு பேரும் அப்பத்தைப் பிட்ட இடத்தில் அவரைக் கண்டுகொண்டார்கள்; அந்த இரவிலேயே எருசலேமுக்குத் திரும்பி, கூடியிருந்தவர்களிடம் ஓடினார்கள். உயிர்த்தவரைக் கண்ட கால்கள் எல்லாம் கூட்டத்தை நோக்கியே நடந்திருக்கின்றன.

முதல் வாசகம் அந்தக் கூட்டம் எப்படி வாழ்ந்தது என்று காட்டியது. திருத்தூதரின் போதனை, நட்புறவு, அப்பம் பிடுதல், இறைவேண்டல் என்று நான்கைச் சொல்கிறார் லூக்கா. போதனையும் வேண்டலும் நம்மிடம் குறைவில்லை. செபமாலை நடக்கிறது, நவநாள் நடக்கிறது. சறுக்கல் இரண்டாவதில். அவர்கள் உடைமைகளைப் பொதுவாக வைத்திருந்தார்கள், நிலபுலத்தை விற்று அவரவர் தேவைக்கு ஏற்பப் பகிர்ந்தார்கள் என்று கேட்டதும், இதெல்லாம் நடக்கிற காரியமா என்று நமக்குத் தோன்றுகிறது.

நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்கள் அப்படிக் கேட்கக்கூடாது. ஆடி பிறந்துவிட்டால் கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி வட்டாரத்தில் மொய் விருந்துப் பந்தல் எழுவதைப் பார்க்காதவர்கள் உண்டா? பல குடும்பங்கள் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைப்பார்கள். ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கும். வாசலில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருவர் நோட்டோடு உட்கார்ந்திருப்பார். சாப்பிட்டவர்கள் வரிசையில் நின்று மொய் எழுதுவார்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒரு குடும்பத்துக்கு முறை வரும். வந்த பணத்தில் ஒருவர் மகளைக் கட்டிக்கொடுப்பார், ஒருவர் ஆழ்துளைக் கிணறு போடுவார், ஒருவர் பிள்ளையைக் கல்லூரியில் சேர்ப்பார். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. ஊர்க்காரன் கஷ்டப்படும்போது ஊரே கை கொடுக்கும் என்கிற நம்பிக்கை மட்டும்தான் ஈடு. நான் அந்தப் பந்தல்களில் சாப்பிட்டிருக்கிறேன். அந்த மக்களை நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். திருத்தூதர் பணிகளின் இரண்டாம் அதிகாரத்துக்குப் பாதி வழி அவர்கள் நடந்தே போய்விட்டார்கள்.

மீதிப் பாதி அந்த நோட்டில் இருக்கிறது. வாங்கியதைத் திருப்பிச் செய்யாவிட்டால் பேச்சு வரும், முகம் முறியும். அது அந்த ஏற்பாட்டின் நியாயம், அதில் தவறு சொல்ல நான் வரவில்லை. இங்கே, இந்தப் பீடத்தில் வைக்கிற விருந்துக்கு மட்டும் நோட்டுப் போடுகிறவர் இல்லை. கையை நீட்டி நற்கருணை வாங்கும்போது போன முறை நீ என்ன செய்தாய் என்று ஆண்டவர் கேட்பதில்லை. அப்படி வாங்கிய கையோடு வெளியே போகிற நாம்தான் ஒருவரோடு ஒருவர் நோட்டு வைத்திருக்கிறோம். யார் வீட்டு இழவுக்கு யார் வரவில்லை, திருவிழாவில் யாருக்கு முதலில் மாலை போட்டார்கள், பங்குப்பேரவையில் யார் யாரை எதிர்த்துப் பேசினார்கள். இந்த நோட்டுக்கு வட்டியும் ஏறிக்கொண்டே போகிறது.

லூக்கா எருசலேம் சபையைப் பூசி மெழுகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இரண்டாம் அதிகாரத்தில் ஒரே மனமாக இருந்தவர்களுக்குள், ஆறாம் அதிகாரத்தில் முணுமுணுப்பு வந்துவிடுகிறது. அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசுகிற கைம்பெண்களைக் கவனிப்பதில்லை என்று அவர்கள் பக்கத்தார் குறை சொன்னார்கள். பந்தியில் பாகுபாடு! அன்றைக்கே இருந்திருக்கிறது. திருத்தூதர்கள் அந்தக் குறையை அமுக்கவில்லை. கோயில் விஷயத்தை வெளியே பேசாதே என்று அதட்டவில்லை. நற்சான்று பெற்ற ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பேரின் பெயரைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. அத்தனையும் கிரேக்கப் பெயர்கள். காயம்பட்ட பக்கத்திலிருந்தே பரிமாறுகிற கையை எடுத்தார்கள். நம் பங்குப்பேரவைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது இதை ஒருதரம் படித்துவிட்டு உட்காரவேண்டும் என்று எனக்கு ஆசை.

கூடி வாழ்ந்தே விசுவாசத்தைக் காத்தவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. அதற்கு ஆவூரிலிருந்து தொடங்குகிறேன். உயிர்ப்பு விழாவை ஒட்டி அங்கே நடக்கிற பெரியநாயகி மாதா தேருக்கு நம்மில் பலர் போவோம். எல்லாச் சமயத்தாரும் வந்து கும்பிடுகிற கோயில் அது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெனான்சியுஸ் பூஷே என்ற பிரெஞ்சு சேசு சபைக் குரு அங்கே தங்கி முதல் கோயிலை எழுப்பினார். இப்போது நாம் காண்கிற கோயில் 1747இல் வந்தது. வீரமாமுனிவரும் அங்கே பணி செய்திருக்கிறார். தேம்பாவணி பாடியவர் என்று அவரைப் போற்றுகிறோம், சரிதான். எனக்கு அவருடைய இன்னொரு நூல் நெஞ்சுக்கு நெருக்கம். வேதியர் ஒழுக்கம் என்று அதற்குப் பெயர். வேதியர் என்றால் உபதேசியார். ஊர் ஊராகப் போய்ச் செபம் சொல்லிக்கொடுத்த, குருப்பட்டம் பெறாத, மனைவி மக்களோடு வாழ்ந்த சாதாரண விசுவாசிகளுக்காக அவ்வளவு பெரிய புலவர் உட்கார்ந்து உரைநடையில் எழுதிய நூல்.

ஏன் எழுதினார்? அவர்கள்தான் திருச்சபையைத் தாங்குகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். சேசு சபையார் நடத்திய மதுரை மிஷன் எவ்வளவு பரந்தது, குருக்கள் எவ்வளவு குறைவு! ஒரு ஊருக்குச் சாமியார் ஆண்டுக்கு ஒருமுறை வந்தாலே பெரிய காரியம். மற்ற நாளெல்லாம் உபதேசியாரும் அந்த ஊர்க் குடும்பங்களும்தான்.

பிறகு அந்த ஒரு வருகையும் நின்றது. 1773இல் திருத்தந்தை 14ஆம் கிளமெண்ட் சேசு சபையைக் கலைத்தார். இருந்த குருக்கள் மூப்படைந்து ஒவ்வொருவராக இறந்தார்கள். 1830களின் கடைசியில்தான் சேசு சபையார் மறுபடி மதுரை மிஷனுக்கு வந்தார்கள். இடையில் 60 ஆண்டுகளுக்கு மேல். கோவாவிலிருந்தும் பாண்டிச்சேரிப் பக்கமிருந்தும் வந்த ஒருசில குருக்கள் எட்டிய இடத்துக்கு எட்டினார்கள். எட்டாத ஊர்கள்தான் அதிகம். பாட்டன், மகன், பேரன் என்று மூன்று தலைமுறை. அதில் போரும் பஞ்சமும் பாளையக்காரர் சண்டையும் உண்டு.

புதிதாக வந்த குருக்கள் வெறும் இடிபாட்டையா கண்டார்கள்? விசுவாசிகள் இருந்தார்கள். சண்டையும் சச்சரவும் அறியாமையும் இருந்தன, ஆனாலும் இருந்தார்கள். மாலையில் யாரோ ஒரு அப்பத்தா விளக்கேற்றிச் சிலுவை வரைந்திருக்கிறாள். யாரோ ஒரு உபதேசியார் பிறந்த பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார், செத்தவருக்குச் செபம் சொல்லிக் குழியில் இறக்கியிருக்கிறார். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடினார்கள். பூசை வைக்கச் சாமியார் இல்லாமலே கூடினார்கள். எழுப்புதல், புதுப்பித்தல் என்று இன்று பெரிய மேடைகளில் பேசுகிறோம். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் ஒலிபெருக்கி நினைவுக்கு வருவதில்லை. சாமியார் வராத ஞாயிற்றுக்கிழமையிலும் பாயை எடுத்துக்கொண்டு செபக் கொட்டகைக்கு நடந்த அந்தக் கால்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் நாம் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. அது பயப்படவேண்டிய எண் இல்லை. பூட்டிய அறையில் இருந்தவர்கள் பதினோரு பேர்.

நான் முன்பு பணியாற்றிய ஒரு பங்கில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். அங்கே திருவிழாக் கணக்கு வாசித்த கூட்டத்தில் 1,750 ரூபாய் இடித்தது. ஒருவர் எழுந்து இன்னொருவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். சொல்லப்பட்டவர் கைச்சுத்தமானவர். வேட்டியை உதறிக்கொண்டு வெளியே போனவர் பதினொரு ஆண்டு உள்ளே வரவில்லை. ஞாயிறு தவறாமல் மனைவியையும் பிள்ளைகளையும் வண்டியில் கொண்டுவந்து வாசலில் இறக்குவார். பூசை முடியும்வரை வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார். மரத்தில் கட்டிய குழாயில் என் பிரசங்கத்தைக் கேட்பார். "சாமி, இன்னைக்கு நல்லாச் சொன்னீங்க" என்று வெளியே நின்றே சொல்வார். நான் அழைத்தேன், ஆயர் வந்தபோது அவரும் அழைத்தார். வரவில்லை.

2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் வந்தது. உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஐம்பது ஆண்டுப் பலாமரம் வேரோடு போனது. தென்னந்தோப்பு முழுக்க ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. பிள்ளையை வளர்ப்பது போல வளர்த்த மரத்தைக் கட்டிக்கொண்டு பெரிய ஆம்பளைகள் அழுததை இந்தக் கண்ணால் பார்த்தேன். வேப்பமரத்தடியில் நின்ற அந்த மனிதர் வீட்டு ஓட்டுமேல் இரண்டு தென்னை விழுந்து, உள்ளே மாடு சிக்கிக்கொண்டது. ஏழு மணி இருக்கும். கையில் அரிவாளோடும், எங்கிருந்தோ வாங்கிவந்த மரம் அறுக்கும் எந்திரத்தோடும் ஒருவர் தம் இரண்டு மகன்களைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொன்னவர். ஒன்றும் பேசவில்லை. அறுத்தார். மாட்டை வெளியே எடுத்தார்கள். உச்சிவேளையில் அந்த வீட்டு அம்மா ஒரு சொம்பில் நீராகாரம் கொண்டுவந்தார். இரண்டு பேரும் ஒரே சொம்பில் குடித்தார்கள். மரம் அறுத்தவர் மெதுவாக, "அந்தக் கணக்கு..." என்று தொடங்கினாராம். "அது காத்தோட போச்சுண்ணே, விடுங்க" என்றாராம் வீட்டுக்காரர்.

அடுத்த ஞாயிறு ஊரில் மின்சாரம் இல்லை. ஒலிபெருக்கி இல்லை. வெளியே நின்றால் ஒரு சொல்லும் கேட்காது. நிற்பதற்கு அந்த வேப்பமரமும் இல்லை, அதுவும் விழுந்துவிட்டது. வாசகம் முடிந்து நான் பேச எழுந்தபோது பின்வாசலில் அவர் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்தேன். பாயில் உட்கார்ந்திருந்த அந்த இன்னொருவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அன்றைக்கு நான் என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை.

இரண்டாம் வாசகத்தில் பேதுரு, நெருப்பில் புடமிட்ட பொன்னைப் போலச் சோதிக்கப்பட்ட விசுவாசம் என்கிறார். கஜாவில் வீழ்ந்ததைக் கடவுள் அனுப்பிய பாடம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். கடன்பட்டு உடைந்துபோன குடும்பங்கள் இன்னும் இங்கே உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் அந்த வாரங்களில் யார் வீட்டுக்கு யார் ஓடினார்கள் என்று நாம் மறந்துவிடக்கூடாது. அதற்குப் பிறகு கொத்தமங்கலம், கீரமங்கலம் பக்கத்து இளைஞர்கள் அரசாங்கத்துக்குக் காத்திராமல் கைக்காசு போட்டுக் குளம் தூர்வாரினார்கள். ஆறு பெரிதாக இல்லாத மாவட்டம் நம்முடையது. கண்மாயும் குளமும்தான் நமக்குச் சோறு. மழை எவ்வளவு பெய்தாலும் வரத்துக்கால் தூர்ந்திருந்தால் கண்மாய்க்குத் தண்ணீர் வராது. அருளும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றும். ஆண்டவர் பெய்வதை நிறுத்தவில்லை. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகிற வாய்க்காலில் நாம் மண்ணைப் போட்டு வைத்திருக்கிறோம்.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கசக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோமா காயத்தைப் பார்க்கவேண்டும் என்றார். அவர் கேட்டது சரி. ஆணித்தழும்பு இல்லாத ஒரு ஆண்டவர் வந்து நின்றிருந்தால் அவர் தோமாவின் ஆண்டவராக இருந்திருக்கமாட்டார். இயேசுவும் காயத்தை மறைக்காமல் கையை நீட்டினார், விலாவைக் காட்டினார். உயிர்த்த உடலிலும் தழும்பு இருக்கிறது. திருச்சபை அவருடைய உடல் என்று பவுலடியார் சொல்கிறார். இந்த உடலின் காயம் எங்கே இருக்கிறது?

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் உழைக்கிற கணவனின் முகத்தை ஆண்டுக்கணக்காகக் கைபேசியில் மட்டும் பார்க்கிற பெண்கள் இங்கே இருக்கிறார்கள். குடியால் அழிகிற வீடுகள் இருக்கின்றன. அவற்றைப்பற்றி அன்பியக் கூட்டங்களில் பேசி வருகிறோம். நாம் பேசாத காயம் ஒன்று இருக்கிறது.

2022 டிசம்பரில் வேங்கைவயலில், நம் மாவட்டத்தில், பட்டியல் இன மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. யார் செய்தார்கள் என்பதை விசாரிப்பது நீதிமன்றத்தின் வேலை. அந்த நாள்களில் பக்கத்து ஊர்த் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருந்ததும், கோயிலுக்குள் அவர்களை விடாததும் மாவட்ட ஆட்சியர் நேரில் போனபோது வெளியே வந்தன. செய்தியைப் பார்த்து நாமெல்லாம் கொதித்தோம். கொதித்தது நியாயம். ஆனால் நம் வீட்டுக்குள் என்ன இருக்கிறது? தமிழகத்தில் எத்தனையோ ஊர்களில் கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டம் இரண்டாக இருக்கிறது. தேர் போகாத தெரு இருக்கிறது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மக்கள் குறித்த கொள்கை அறிக்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஆயர்களே ஒப்புக்கொண்டார்கள். பழைய மதுரை மிஷனிலும் இந்தக் காயம் உண்டு. உயர்ந்தோர் எனப்பட்டவர்களுக்குச் சந்நியாசி, மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று குருக்களே இரண்டு வகையாக இருந்தார்கள். ஓரியூரில் இரத்தம் சிந்திய அருளானந்தர் பண்டாரசாமியாக நடந்தவர். முன்னோரை நான் போற்றினேன். அவர்கள் விட்டுப்போன இந்தச் சுவரைப் போற்றமாட்டேன்.

2022 மே 15ஆம் தேதி திருத்தந்தை பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதர் என்று அறிவித்தார். இந்தியாவின் பொதுநிலையினரில் முதல் புனிதர். திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்தவர். ஞானஸ்நானம் பெற்ற பிறகு எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகினார், அது பொறுக்காதவர்கள் பலர். 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அவரைப் புனிதராக்கும் முன்பு அவர் பெயரோடு ஒட்டியிருந்த பிள்ளை என்ற சாதிப் பட்டத்தை உரோமை நீக்கியது. பீடத்தில் ஏற்றும்போது அது கூட வரக்கூடாது என்று எடுத்துவிட்டார்கள். பீடத்துக்கு முன்னால் நாம் அதைச் சுமந்துகொண்டு வந்து நிற்கலாமா?

தொடக்கத்தில் சொன்ன அந்த மேற்கு வாசல் எந்தத் தெருவைப் பார்த்திருக்கிறது என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆடு வரும், காற்றில் திரி அணையும், அதனால் பூட்டி வைத்திருக்கிறோம் என்று எனக்குச் சொன்னார்கள். அந்தத் தெருப் பிள்ளைகள் வெயிலிலும் மழையிலும் கோயிலைச் சுற்றி முன்வாசலுக்கு வந்தார்கள். வந்து பின்னால் உட்கார்ந்தார்கள். நான் இங்கே வந்து மூன்று ஆண்டு ஆகிறது. ஒரு நாளும் கேட்காமல் இருந்துவிட்டேன். அந்தக் குற்றத்தை என் பெயரில் எழுதிக்கொள்கிறேன். பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தமிட வரிசை நின்றபோது, அந்தத் தெருவிலிருந்து ஒரு வயதான அம்மா வந்தார். முழங்கால் வலி. கம்பை ஊன்றிக்கொண்டு சுற்றி வந்ததில் வேர்த்து ஊற்றியது. "இந்தப் பக்கம் கதவு இருக்கே சாமி, தொறந்தா பத்து எட்டுதான்" என்றார். குறையாகக்கூடச் சொல்லவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நேற்றுக் கோயில் பிள்ளையும் நானும் துருப்பிடித்த கீலுக்கு எண்ணெய் விட்டோம். பூட்டுத் திறக்கவில்லை, சாவியைத் தேடியும் கிடைக்கவில்லை. கொல்லரைக் கூப்பிட்டுப் பூட்டையே அறுத்து எடுத்தாயிற்று. அந்த அம்மா இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சமாதான வாழ்த்துச் சொல்லும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கைகூப்பிவிட்டு நிற்கவேண்டாம். இடத்தை விட்டு எழுந்து போங்கள். யாரிடம் போகவேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். பூசை கொஞ்சம் நீளும், நீளட்டும். இன்று வராமல் வீட்டில் இருக்கிற ஒரு தோமாவை நீங்கள் ஒவ்வொருவரும் அறிவீர்கள். அவரிடம் நம்பச் சொல்லவேண்டாம். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வாருங்கள். இந்த வார அன்பியக் கூட்டம் மேற்குத் தெருவில், மாலை ஏழு மணிக்கு. நானும் வருகிறேன். அவரவர் வீட்டுப் பாயைக் கொண்டுவாருங்கள். அங்கே சமைப்பதை எல்லாரும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

எழுந்து நிற்போம். விசுவாச அறிக்கையைச் சொல்வோம்.